இருவராக மெல்போர்ன்: கையைக் கடிக்காமல் ஊர் சுற்ற ஒரு வழிகாட்டி

மெல்போர்ன் செலவு பிடிக்கும் ஊர்தான். ஆனால் காசு எங்கே கரைகிறது என்று பார்த்தால் படுக்கை, ஓட்டல் சாப்பாடு, தொலைதூரச் சுற்றுலா ஆகிய மூன்றில்தான் பெரும்பகுதி போகும். ஊருக்குள் பார்க்க வேண்டிய நல்ல இடங்களில் பாதிக்கு மேல் நுழைவுக் கட்டணமே கிடையாது.

தோழியோடோ நண்பனோடோ இருவராகச் சுற்றுவதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. சில செலவுகள் இரண்டாகப் பிரியும்: அறை, வாடகைக் கார், மளிகை, பெரிய தட்டுச் சாப்பாடு. சில பிரியவே பிரியாது: ரயில் கட்டணம், நுழைவுச் சீட்டு. தனியாக வருபவருக்கு மலிவாகத் தெரியும் வழி இருவருக்கு அப்படி இல்லாமல் போகலாம். அதனால் எந்தச் செலவாக இருந்தாலும் “இது பிரியுமா, பிரியாதா?” என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கீழே உள்ள விலைகளெல்லாம் தோராயமானவை, ஆஸ்திரேலிய டாலரில். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறும்.

1. தேதியைப் பார்த்து வையுங்கள்

ஜனவரி இரண்டாம் பாதியில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ், மார்ச்சில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம், நவம்பர் முதல் செவ்வாயில் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம், டிசம்பர் 26இல் தொடங்கும் டெஸ்ட் கிரிக்கெட். இந்த நாட்களை ஒட்டி அறை வாடகை எகிறும். விளையாட்டைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் சரி; இல்லையென்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

என் கணிப்பில் ஏப்ரல், மே மாதங்கள்தான் சிக்கனப் பயணத்துக்குத் தோதானவை. வெயிலும் இல்லை, நடுக்கும் குளிரும் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அறை இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஜூனில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், பாதி நாள் போன மாதிரி இருக்கும். டிசம்பரில் அதற்கு நேர்மாறாக இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும்.

எந்த மாதமானாலும் ஒரே நாளில் வெயில், காற்று, மழை மூன்றும் வரும் ஊர் இது. வடக்கிலிருந்து சூடான காற்று அடித்த கோடை நாளில்கூட மாலையில் காற்று திசை மாறி வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். தடித்த ஒரு கோட்டை நம்பாமல் மெல்லிய உடைகளை அடுக்கிப் போட்டுக்கொள்வதே நல்லது. மேல்சட்டை இல்லையென்றால் இங்கே வந்து ஆப் ஷாப் எனப்படும் தொண்டு நிறுவனங்களின் பழைய துணிக் கடைகளில் வாங்கலாம். சால்வோஸ், வின்னீஸ் ஆகியவை பல புறநகர்களில் உண்டு.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெட்டியில் தின்பண்டம், பொடி, ஊறுகாய் எதுவானாலும் விமானத்தில் தரும் படிவத்தில் “ஆம், உணவு இருக்கிறது” என்று குறித்துவிடுங்கள். கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி, பால் இனிப்புகளை உள்ளே விட மாட்டார்கள். குறித்துவிட்டால் ஆகாததை எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைத் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான். மறைத்து மாட்டினால் கட்டும் அபராதத்தில் ஒரு வாரம் தங்கிச் சாப்பிடலாம்.

2. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

துல்லமரீன் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. மூன்று வழிகள் உண்டு. ஸ்கைபஸ் நேராகச் சதர்ன் கிராஸ் ஸ்டேஷனுக்குப் போகும், தலைக்கு 25 டாலர் போல. ஆப் வழியாகக் கார் பிடித்தால் சாலைச் சுங்கத்தோடு சேர்த்து 70 டாலருக்கு முன்பின் ஆகும். தனியாள் என்றால் ஸ்கைபஸ்தான் மலிவு. இருவருக்கு அந்தப் பேருந்தே 50 ஆகிவிடுவதால் வித்தியாசம் சுருங்கிப் போகிறது. நடு இரவில் பெட்டிகளோடு இறங்கினால் கார் தோதாகவே இருக்கும்.

உண்மையிலேயே மலிவான வழி 901ஆம் எண் பேருந்து. அதில் பிராட்மெடோஸ் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து ரயில் பிடித்தால் ஊருக்குள் வந்துவிடலாம். ஊர் ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் பொதுவான மைகி கார்டின் சாதாரணக் கட்டணம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலில், சின்னப் பெட்டியோடு வந்தால் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

முன்பதிவு செய்யும்போது சீட்டில் அவலான் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஜீலாங் பக்கம் உள்ள வேறு விமான நிலையம். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு ஊருக்குள் வரும் பேருந்துக்கே போய்விடும்.

3. அறை

ஹாஸ்டலில் பலர் படுக்கும் அறையில் ஒரு படுக்கை 40 முதல் 60 டாலர் வரை. இருவருக்கு 100ஐத் தொட்டுவிடும். அதே அளவு பணத்துக்கோ இன்னும் 20 டாலர் கூட்டியோ இரட்டைக் கட்டில் உள்ள தனியறை கிடைக்கிறதா என்று கட்டாயம் தேடிப் பாருங்கள். சமையலறை இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அறை 15 டாலர் மலிவாக இருந்து சமையலறை இல்லையென்றால் அந்த மிச்சம் ஒரே இரவுச் சாப்பாட்டில் போய்விடும்.

நடு நகரத்தில்தான் தங்க வேண்டும் என்பதில்லை. கார்ல்டன், நார்த் மெல்போர்ன் இரண்டும் நடந்தே வந்துவிடும் தொலைவு. ஃபுட்ஸ்க்ரே ரயிலில் பத்து, பதினைந்து நிமிடம், சாப்பாடும் அங்கே மலிவு.

4. மைகி கார்டைப் புரிந்துகொள்ளுங்கள்

பயணத்தில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்தக் கார்டை எப்படிக் கையாள்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ஸ்டேஷன் இயந்திரங்களிலும் 7-இலெவன் கடைகளிலும் 6 டாலருக்குக் கிடைக்கும். பணம் தனியாக ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரு கார்டில் இருவர் போக முடியாது. சலுகைக் கட்டணக் கார்டை ஆசைப்பட்டு வாங்காதீர்கள். பரிசோதகர் அதற்குரிய அத்தாட்சியைக் கேட்பார், இல்லையென்றால் அபராதம் 200 டாலருக்கு மேல் போகும்.

கட்டணம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு விலை, ஒரு நாளுக்கு அதிகபட்சம் இன்னொரு விலை. நாள் முழுக்க எத்தனை முறை ஏறி இறங்கினாலும் வார நாளில் 11 டாலர் சொச்சத்துக்கு மேல் பிடிக்காது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் அது 8 டாலர் அளவில் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் என்பது நீங்கள் கார்டைத் தொட்ட நொடியிலிருந்து அல்ல, அடுத்த முழு மணியிலிருந்து எண்ணப்படும். 10.05க்குத் தொட்டால் 1 மணி வரை செல்லும், 9.58க்குத் தொட்டால் 12 மணியோடு சரி. ஏழு நிமிடம் நின்று ஏறினால் ஒரு மணி நேரம் லாபம். மாலை 6 மணிக்குப் பிறகு முதன்முறையாகத் தொட்டால் அந்த இரண்டு மணி நேரக் கட்டணமே அதிகாலை 3 மணி வரை செல்லும். வார நாளில் நகர ரயிலில் காலை 7.15க்கு முன் ஏறி இறங்கி முடித்துவிட்டால் அந்தப் பயணம் இலவசம். பிரைட்டன் கடற்கரையில் விடியலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது உதவும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது இலவச டிராம் பகுதி. 2015 முதல் நடு நகரமும் டாக்லேண்ட்ஸும் குயின் விக்டோரியா சந்தையும் உள்ளடங்கிய பகுதிக்குள் டிராமில் கட்டணம் இல்லை. அங்கே கார்டைத் தொடவே கூடாது. தொட்டால் காசு போகும். எல்லை வரும்போது டிராமில் அறிவிப்பு செய்வார்கள், நிறுத்தங்களிலும் எழுதியிருக்கும். ஃப்ளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷனைத் தாண்டி டிராம் பாலத்தில் ஏறினால் இலவசம் முடிந்தது. புதியவர்கள் அதிகம் மாட்டுவது அந்த ஒரு பாலத்தில்தான்.

ஆக, பயண நாட்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று, கார்டைத் தொடாத நாள்: நகருக்குள் நடையும் இலவச டிராமும் மட்டும். மற்றது, கார்டைத் தொடும் நாள்: எப்படியும் நாள் கட்டணம் போகப் போகிறது, அதனால் தூரமாகப் போய், பல இடம் இறங்கி, இரவு வரை சுற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கலந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏறி இறங்குவதுதான் வீண் செலவு.

5. கார்டைத் தொடாத நாள்

நடு நகரம் 1837இல் ராபர்ட் ஹாடில் என்ற நில அளவையாளர் கோடு போட்டுப் பிரித்த கட்டம். வழி தவறுவது கடினம். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அரை மணி நேர நடை.

காலையில் குயின் விக்டோரியா சந்தையில் தொடங்குங்கள். 1878 முதல் நடக்கும் சந்தை. திங்களும் புதனும் விடுமுறை. காலையில் பார்க்க அழகு, வாங்க நல்ல நேரம் கடை கட்டும் சமயம். வார இறுதியில் பிற்பகலில் பழங்களையும் காய்களையும் பெட்டி பெட்டியாகக் கூவி விற்பார்கள். ஒருவருக்கு ஒரு பெட்டி மாம்பழம் அதிகம், இருவருக்குச் சரியாக இருக்கும்.

அங்கிருந்து நடந்து விக்டோரியா மாநில நூலகம். 1856இல் திறந்தது, யாரும் உள்ளே போகலாம். 1913இல் கட்டிய எட்டுப் பட்டைக் குவிமாடத்தின் கீழ் உள்ள வாசிப்பறையைக் கீழே நின்று பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். மேல் மாடங்களுக்கு ஏறிக் குனிந்து பாருங்கள். நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன் 1880இல் போலீஸோடு மோதியபோது அணிந்த இரும்புக் கவசம் இங்கேதான் இருக்கிறது. இலவச வைஃபை, கழிப்பறை, உட்கார இடம் எல்லாம் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இதைவிட நல்ல இடம் நகரில் இல்லை.

பிறகு கிழக்கே கார்ல்டன் தோட்டம். நடுவில் நிற்பது 1880ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய ராயல் எக்ஸிபிஷன் கட்டடம். ஆஸ்திரேலியாவின் முதல் நாடாளுமன்றம் 1901இல் கூடியது இங்கேதான். 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தாலே போதும். அப்படியே ஸ்பிரிங் தெரு வழியாக இறங்கி, ஹோசியர் சந்தின் சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டு ஃபெடரேஷன் சதுக்கத்துக்கு வாருங்கள். டிக்ரேவ்ஸ் தெரு போன்ற சந்துக் கஃபேக்கள் படம் எடுக்க நன்றாக இருக்கும். சாப்பாட்டுக்கு வேறு இடம் பாருங்கள்.

சதுக்கத்தில் ஆஸ்திரேலிய ஓவியங்களுக்கான இயன் பாட்டர் மையமும், திரைப்பட அருங்காட்சியகமான ஆக்மியும் இருக்கின்றன. இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. பாலத்தை நடந்தே கடந்தால் என்ஜிவி கலைக்கூடம். வாசலில் கண்ணாடியில் தண்ணீர் வழியும் சுவர். உள்ளே பெரிய மண்டபத்தின் கூரை முழுக்க லெனார்ட் ஃப்ரெஞ்ச் செய்த வண்ணக் கண்ணாடி. அதைத் தரையில் மல்லாந்து படுத்துத்தான் பார்க்க வேண்டும். எல்லோரும் படுப்பார்கள், கூச்சமே வேண்டாம். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு 30, 40 டாலர் கொடுப்பதற்கு முன், இலவசமாக உள்ள மாடிகளை முழுவதும் பார்த்துவிட்டீர்களா என்று யோசியுங்கள்.

இன்னும் தெம்பிருந்தால் தாவரவியல் பூங்காவும், பக்கத்தில் போர் நினைவாலயமும். நினைவாலயத்தின் மேல் மாடத்திலிருந்து நகரம் முழுவதும் தெரியும். உயரக் கட்டடங்களின் காட்சித் தளங்களுக்குத் தலைக்கு 30 டாலருக்கு மேல் கொடுப்பதை விட இது மேல் என்பது என் கட்சி.

35ஆம் எண் பழைய டிராம் நகரைச் சுற்றி இலவசமாக ஓடும். கால் வலித்தால் ஏறுங்கள். அதற்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை, ஆமை வேகம்.

6. கார்டைத் தொடும் நாள்

எனக்குப் பிடித்தது பெல்கிரேவ். நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பஃபிங் பில்லி என்ற பழைய நீராவி ரயில் அங்கிருந்து புறப்படும். அந்தச் சீட்டு இருவருக்கு 100 டாலரைத் தாண்டிவிடும். ரயிலில் ஏறாமலே பார்க்கலாம்: ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தொலைவில் ஒரு மரப்பாலம் இருக்கிறது, அதன் மேல் ரயில் புகை விட்டுக்கொண்டு போகும். நேரத்தைப் பார்த்துக்கொண்டு போய் நின்றால் போதும். பிறகு ஷெர்புரூக் காட்டுக்குள் நடங்கள். மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரங்கள் அங்கே. பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமானவற்றில் அவையும் சேரும். பிற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும் லயர்பேர்டும் அங்கே உண்டு. காலையில் சத்தம் போடாமல் போனால் கண்ணில் படலாம். திரும்பும் வழியில் அப்பர் ஃபெர்ன்ட்ரீ கல்லியில் இறங்கினால் ஆயிரம் படிகள் என்ற ஏற்றம். முழங்காலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து பல்லரட். 2023 மார்ச் இறுதியிலிருந்து விக்டோரியா மாநிலம் முழுவதும் வி-லைன் என்ற வெளியூர் ரயில்களுக்கும் நகரத்தின் அதே நாள் கட்டணம்தான். சதர்ன் கிராஸிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். சனிக்கிழமை போய் வந்தால் ஆளுக்கு 8 டாலர் அளவில் முடிந்துவிடும். இந்த ஊரில் ஒரு சாண்ட்விச் விலையே அதற்கு மேல். தங்கம் தேடி ஆட்கள் குவிந்த ஊர் அது. 1854இல் சுரங்கத் தொழிலாளர்கள் அரசை எதிர்த்து நின்ற யுரேகா கலகம் நடந்ததும் அங்கேதான். லிடியார்ட் தெருவின் பழைய கட்டடங்கள், 1884இல் தொடங்கிய இலவசக் கலைக்கூடம், வென்டூரி ஏரி, அதை ஒட்டிய தாவரவியல் தோட்டத்தில் வரிசையாகப் பிரதமர்களின் மார்பளவுச் சிலைகள். ஒரு நாளுக்கு இது போதும். சாவரின் ஹில் என்ற சுரங்க மாதிரி ஊர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஒரு சீட்டே முழு நாளின் பட்ஜெட். வார இறுதிகளில் தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். முந்தைய இரவே பார்த்துவிடுங்கள்.

கடல் வேண்டுமென்றால் 96ஆம் எண் டிராமில் செயின்ட் கில்டா. அல்லது ரயிலில் பிரைட்டன் போய் வண்ணக் குளியல் குடிசைகளைப் பார்த்துவிட்டு, அதே கட்டணத்தில் எதிர்க்கரையில் வில்லியம்ஸ்டவுனுக்குப் போய் மாலை வெயிலில் நகரத்தைப் பார்க்கலாம்.

7. சாப்பாடு

காலை அறையில், மதியம் வெளியே, இரவு சமையல். இந்த வரிசையில் போனால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 டாலருக்குள் வயிறார முடிக்கலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள். ஞாயிறும் விடுமுறை நாட்களும் பல கஃபேக்களில் பில்லோடு 10, 15 சதவீதம் சேர்ப்பார்கள், பலகையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை.

கோல்ஸ், உல்வொர்த்ஸ் என்ற பெரிய மளிகைக் கடைகள் இரண்டிலும் சலுகைகள் புதன்கிழமை மாறும். மாலையில் ரொட்டி, தயிர், இறைச்சி ஆகியவற்றில் விலை குறைத்த ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். விலைச் சீட்டில் 100 கிராமுக்கு எவ்வளவு என்பதும் பொடியாக இருக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான். ஆல்டி பொதுவாக இன்னும் மலிவு.

வெளியே சாப்பிட ஃபுட்ஸ்க்ரேயைச் சொல்வேன். வியட்நாமிய பான் மீ ரொட்டி 10 டாலருக்கு முன்பின். எத்தியோப்பியக் கடைகளில் இஞ்சேரா என்ற புளித்த மாவு ரொட்டி, நம் தோசைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதன் மேல் பருப்பும் கீரையும் காய்களும் வைத்துத் தரும் சைவத் தட்டு ஒன்று வாங்கினால் இருவருக்குப் போதும். டாண்டினோங்கில் ஃபாஸ்டர் தெருவில் இந்தியக் கடைகள், தாமஸ் தெருப் பக்கம் ஆப்கான் ரொட்டி. தென்கிழக்குப் புறநகர்களில் ஈழத்தவரும் சிங்களவரும் நிறைய இருப்பதால் கொத்து ரொட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு கொத்து இரண்டு வயிற்றுக்குத் தாராளம்.

இன்னொரு வசதியைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை: பூங்காக்களில் இலவச மின்சார பார்பிக்யூ அடுப்புகள். யாரா ஆற்றை ஒட்டிய பிரரங் மார், அலெக்சாண்ட்ரா தோட்டம் இரண்டிலும் உண்டு. பொத்தானை அழுத்தினால் தகடு சூடாகும். பனீர், சோளம், வெங்காயம், கோழி எது வேண்டுமானாலும் வாட்டலாம். எண்ணெய், கரண்டி, துடைக்கக் காகிதம் கையோடு எடுத்துப் போங்கள். சாப்பிட்டு முடித்ததும் அடுத்தவருக்காகத் தகட்டைத் துடைத்து வைப்பது இங்குள்ள மரியாதை.

8. கிரேட் ஓஷன் சாலை

எல்லோரும் கேட்பது இதைத்தான். நாள் சுற்றுலாப் பேருந்து ஆளுக்கு 100 டாலருக்கு மேல். அதில் பாதி நேரம் உட்கார்ந்தே கழியும். மலிவாக வேண்டுமென்றால் ரயிலில் ஜீலாங், அங்கிருந்து வி-லைன் பேருந்தில் லார்ன் அல்லது அப்பல்லோ பே. அதே நாள் கட்டணத்துக்குள் வந்துவிடும், ஆனால் அந்தப் பேருந்தில் மைகி செல்லாது, டிக்கெட் எடுக்க வேண்டும். கடலோரச் சாலையின் அழகான பகுதி பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடும். பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள் அதற்கும் அப்பால். அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் காரை வாடகைக்கு எடுங்கள். இரண்டு நாள் வாடகை இருவருக்குப் பிரிந்தால் சுற்றுலாப் பேருந்துக்குப் பக்கத்தில் வரும், நால்வராகிவிட்டால் அதைவிடக் குறையும். ஓட்டுநருக்கு 25 வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நடு நகரில் சில சந்திப்புகளில் வலப்புறம் திரும்ப இடது ஓரத்தில் போய் நின்று திரும்ப வேண்டும். ஊருக்கே உரிய விசித்திரம் அது. காரைப் புறநகரில் எடுத்தால் அந்தத் தலைவலி இல்லை.

9. உங்கள் இருவருக்குள்

கடன் அன்பை முறிக்கும் என்று கடைகளில் எழுதி வைத்திருப்பார்களே, அதைப் பயணத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே ஆளுக்கு 100 டாலர் பொதுப் பையில் போடுங்கள். மளிகை, பகிர்ந்து சாப்பிடும் தட்டு எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மீண்டும் சமமாகப் போடுங்கள். அறை, கார் போன்ற பெரிய தொகைகளை மட்டும் கணக்கு ஆப்பில் எழுதுங்கள். காபிக்கெல்லாம் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் மூன்றாம் நாளே முகம் தூக்கிவிடும்.

ஒருவருக்குக் கலைக்கூடம், மற்றவருக்குக் கிரிக்கெட் மைதானம் என்றால் அரை நாள் பிரிந்து போய் வாருங்கள். திரும்பச் சந்திக்க ஊரே சொல்லும் இடம் ஃப்ளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷன் வாசலின் கடிகார வரிசைக்குக் கீழே. ஆனால் மாலையில் பாதி ஊர் அங்கேதான் யாருக்காகவாவது காத்து நிற்கும், நிறம் பளிச்சென்ற சட்டை போட்டுப் போங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது மைகி கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். நான்கு ஆண்டுகள் செல்லும். அடுத்து இங்கே வரப்போகும் நண்பருக்குக் கொடுத்தால் அவருக்கு 6 டாலரும், உள்ளே மிச்சம் கிடக்கும் சில்லறையும் லாபம்.